பெற்றோர் கவனத்திற்கு

ஏப்ரலில் வந்தது அந்தத் தாள்.
அவொமொரியில் அப்போதும்
சாலையோரப் பனி முழங்கால் உயரத்துக்குக்
கருத்துக் கிடந்தது.
முதல் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு:
பதினேழு குறிப்புகள்.

எல்லாப் பொருளிலும் பெயர் எழுதவும்.
எல்லாம் என்றால் எல்லாம்தான்.
எண்ணிப் பழகும் குச்சி நூறு,
பூப்போன்ற சில்லு முப்பது,
அட்டைக் கடிகாரத்தின் சின்ன முள்ளுக்கும் ஒன்று.
பனி தள்ளும் வண்டி ஓட்டித்
தடித்துப்போன விரல்கள் எனக்கு.
நகிசா நகிசா நகிசா என்று
அரிசியளவு எழுத்தில் எழுதி ஒட்டினேன்.
எண்பதாவது குச்சியில்
அது யார் பெயர் என்றே
ஒரு கணம் பிடிபடவில்லை.

அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண்கள் கேட்டது படிவம்.
என் எண்ணையே
இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிதோறும் யாராவது ஒரு பிள்ளையோடு
வீட்டுக்குப் போகும்
சோறு பரிமாறும் வெள்ளை அங்கி.
எங்கள் முறைக்கு வந்தது ஒன்பதாம் எண்.
துவைத்துத் தேய்த்துத் திங்களன்று அனுப்பணும்,
அடுத்த வாரம் வேறொரு பிள்ளை போட்டுக்கொள்ளும்.
கழுத்துப் பொத்தானை யாரோ
நீல நூலில் தைத்திருந்தார்கள்.
பிரிந்திருந்த நாடாவை நான் தைத்தேன்.
வீட்டில் இருந்தது கறுப்பு நூல்தான்.

பிறகு பனிக்காலம்.
இரவு ஒரு மணிக்குக் கிளம்புவேன்.
தங்கை வந்து நகிசா பக்கத்தில் படுத்துக்கொள்வாள்.
ஊர் விழிக்கும் முன் ஊருக்கு வழி செய்துவிட்டு வந்து
பிள்ளையை அனுப்பிவிட்டு
மறுபடி வண்டி, மறுபடி பனி.
அவள் திரும்பும் மூன்று மணிக்கு
நான் கட்டையாகக் கிடப்பேன்.

பதினோராம் குறிப்பு எனக்கு மறந்தேபோனது:
பிள்ளை வாசிப்பதைத் தினமும் கேட்டு
அட்டையில் முத்திரை இடவும்.

பிப்ரவரியில் ஒசனாய் டீச்சர் கூப்பிட்டார்.
ஏழு வயதுக்கான நாற்காலி;
என் முழங்கால் என் தாடையை இடித்தது.
"வகுப்பில் இவள் குரல் மட்டும்
கடைசி வரிசைக்கு எட்டுவதில்லை.
வீட்டில் எப்படி வாசிக்கிறாள்?"
நன்றாக, என்றேன்.
பொய்யென்று தெரியாத பொய்.

அவர் அட்டையை என் பக்கம் நகர்த்தினார்.
ஒரு நாள் விடாமல் என் முத்திரை.
ஜனவரி முழுக்கத் தலைகீழாக.
பக்கத்துக் கட்டத்தில் பென்சில் எழுத்து:

அப்பா தூங்குகிறார். மெதுவாக வாசித்தேன்.
அப்பா தூங்குகிறார்.
தவளை வீடு மாறும் இடத்தில் புரண்டார்.
இன்று அப்பா "ம்" என்றார். இரண்டு தடவை வாசித்தேன்.

ஒவ்வொன்றின் மேலும்
டீச்சரின் சிவப்பு மையில் ஒரு பூ.

அவர் எதுவும் சொல்லவில்லை.
நானும்.
வெளியே வந்து உட்செருப்பைக் கழற்றி
என் பூட்ஸைப் போட மறந்து
வாசல்வரை காலுறையோடு நடந்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தேன்.
பையை இறக்கியவள் பயந்துபோனாள்.
"காய்ச்சலா அப்பா?"
வாசி, என்றேன்.
வாசித்தாள்,
கொதிக்காத கெண்டியின் சத்தத்தில்.
இன்னும் சத்தமாக.
"இதுதான் சத்தம்."

தவளை தன் மூட்டையைக் கட்டியது,
கிணற்றுக்கு வணக்கம் வைத்தது.
மழை வரட்டும், அப்புறம் போகலாம் என்று
தவளை சொல்லப்போவது
அவள் பக்கம் திருப்பும் முன்பே
எனக்குத் தெரிந்திருந்தது.
எப்படி என்று தெரியவில்லை.

அட்டையை எடுத்து
பெயர் நிமிர்ந்து நிற்கும்படி பார்த்து
முத்திரை குத்தினேன்.

நகிசா உற்றுப் பார்த்தாள்.
"அப்பா," என்றாள்,
"தலைகீழாகக் குத்திட்டீங்க."